‘லட்சுமி நோய்’: நெல்மணிக்குரிய சர்க்கரை யாருக்குப் போகிறது?

சம்பா அறுவடை நெருங்கும் காலத்தில் வயல் வரப்பில் நின்று உற்றுப் பார்த்தால், தலை சாய்ந்த கதிர்களுக்கிடையே சில இடங்களில் சுண்டைக்காய் அளவில் மஞ்சள் உருண்டைகள் தென்படும். தொட்டால் விரலில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். ஒரு கதிரில் ஒன்றோ இரண்டோ இருக்கும்; சில கதிர்களில் பத்துக்கு மேலும் இருக்கும். நாளாக ஆக மஞ்சள் நிறம் மாறி, கரும்பச்சைப் பொடியாய் உதிரத் தொடங்கும். வேளாண்மைத் துறையினர் இதனை நெற்பழ நோய் என்பர். நம் பழைய உழவர்கள் இதற்கு வைத்த பெயர் வேறு. அவர்கள் இதனை ‘லட்சுமி நோய்’ என்றனர்.

நோய்க்குத் திருமகளின் பெயரைச் சூட்டியது ஏன் என்று வியப்புத் தோன்றலாம். இவ்வுருண்டைகள் தென்படும் ஆண்டில் மகசூல் பெருகும் என்பது அவர்களின் நம்பிக்கை. அது முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. நல்ல மழை, காற்றில் ஈரப்பதம், செழித்த மண், தழைத்து வளர்ந்த பயிர் ஆகியவை கூடிவரும் ஆண்டில்தான் நெல்லும் நன்கு விளையும், இந்தப் பூஞ்சையும் நன்கு வளரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததைக் கண்ட உழவர், ஒன்றை மற்றொன்றின் அறிகுறியாகக் கொண்டனர். நோய் அன்று அரிதாகவே வந்ததால், அந்த நம்பிக்கையால் பெரிய நட்டமும் நேரவில்லை.

இந்த நோய்க்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு பெயரோடு நிற்கவில்லை. இந்தப் பூஞ்சையை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் எம்.சி. குக். 1878ஆம் ஆண்டு அவர் ஆராய்ந்த மாதிரி திருநெல்வேலிச் சீமையின் நெல்லிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று சீனா, ஜப்பான், இந்தியா என நெல் விளையும் நாடுகளிலெல்லாம் பேசப்படும் ஒரு நோயின் முதல் பதிவு, தாமிரபரணிக் கரையை அடுத்த பகுதிக்குரியதாக அமைந்துவிட்டது.

அன்று அரிதாக இருந்த நோய் இன்று அரிதாக இல்லை. அதிக உரம் ஏற்கும் ரகங்களும் வீரிய ஒட்டு நெல்லும் பரவியபின், நாட்டின் பல மாநிலங்களில் இது முக்கிய நோய்களுள் ஒன்றாகிவிட்டது. ஆகவே இந்தப் பெயரை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. அதற்கு முன், கதிருக்குள் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். வணிகவியல் படித்து வங்கிக்கு வந்து, பயிர்க்கடன் கோப்புகளோடு பழகிவரும் நம்மைப் போன்றோர்க்கு அது மிகவும் பழக்கமான கதையாகவே தோன்றுகிறது.

பயிரின் வரவும் செலவும்

ஒரு நெற்பயிரின் வருமானம் இலையில் பிறக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து இலை சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை, நாம் தேநீரில் இடும் அதே சுக்ரோஸ் வடிவில், புளோயம் எனப்படும் சாற்றுக்குழாய்கள் வழியே செடியெங்கும் பயணம் செய்கிறது. வேர், தூர், தண்டு, இளம் இலை என எங்கே தேவையோ அங்கே அது இறங்கிக்கொள்கிறது. ஒரு பகுதி மூச்சுவிடுதலில் செலவாகிறது. ஒரு பகுதி தண்டில் சேமிப்பாக நிற்கிறது.

பூத்தபின் கணக்கு ஒரே திசையில் திரும்புகிறது. கண்ணாடி இலையும் அதற்கு அடுத்த மேல் இலைகளும் ஈட்டுவதில் பெரும்பகுதி கதிருக்கே போகிறது. தண்டில் இருந்த சேமிப்பும் அங்கேயே நகர்கிறது. மணிக்குள் வந்து சேர்ந்த சுக்ரோஸை நொதிகள் உடைத்து மாவுச்சத்தாக மாற்றி அடுக்குகின்றன. பால் பிடித்தல், மணி முற்றுதல் என்று உழவர் சொல்வதெல்லாம் இந்த வரவு வைக்கும் வேலையின் கட்டங்களே. நாம் உண்ணும் சோற்றில் பெரும்பகுதி, பயிர் தன் வாழ்வின் கடைசி ஒரு மாத காலத்தில் ஈட்டிச் சேர்த்தது என்பதை நினைவில் கொண்டால், அந்த ஒரு மாதத்தின் அருமை விளங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரையை எங்கே அனுப்புவது என்று இலை தீர்மானிப்பதில்லை. எந்த இடம் அதை வாங்கிச் செலவழித்துக்கொண்டே இருக்கிறதோ, அந்த இடத்தை நோக்கிச் சாறு ஓடுகிறது. வாங்கும் இடத்தில் சர்க்கரை தீரத் தீர, கொடுக்கும் இடத்திலிருந்து மேலும் வந்துகொண்டிருக்கும். வாங்குவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு குழாய்க்குள் இல்லை. பூஞ்சைகள் பலவும் பிழைத்து வருவது இந்த ஒரு பலவீனத்தைக் கொண்டுதான்.

மணியாக நடிக்கும் பூஞ்சை

நெற்பழ நோயின் பூஞ்சை கதிர் வெளிவருமுன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. கண்ணாடி இலையின் உறைக்குள் கதிர் பொதிந்திருக்கும் பொதிப் பருவத்தில், மழைநீரோடும் பனியோடும் உறைக்குள் இறங்கும் வித்துகள் இளங்கதிரின் மேல் முளைக்கின்றன. உமியின் இரு மடல்களும் கூடும் நுனியில் உள்ள நுண்ணிய இடைவெளி வழியே இழைகள் பூவுக்குள் புகுகின்றன. அங்கே அவை முதலில் பற்றுவது மகரந்தப் பையைத் தாங்கி நிற்கும் மெல்லிய காம்புகளை. மகரந்தம் முதிர்வதில்லை, கருவுறுதல் நிகழ்வதில்லை. ஆனால் அந்தப் பூ செத்துவிடுவதும் இல்லை.

கருவுறாத பூ சாதாரணமாகப் பதராகத்தான் போக வேண்டும். அதற்குச் சர்க்கரை அனுப்புவதைச் செடி நிறுத்திவிடும். ஆனால் பூஞ்சை பற்றிய பூவில் நிலைமை வேறு. நோயுற்ற பூக்களில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஆராய்ந்த சீன அறிவியலாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. கருவுற்ற மணியில் மாவுச்சத்தையும் சேமிப்புப் புரதத்தையும் உண்டாக்கும் மரபணுக்கள், கருவே இல்லாத இந்தப் பூவிலும் விழித்தெழுந்து வேலை செய்துகொண்டிருந்தன. மணி உருவாகவே இல்லை. ஆனால் மணி வளர்கிறது என்று நம்பிச் செடி தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வந்த சரக்கையெல்லாம் பெற்றுக்கொண்டு, உமியைப் பிளந்து வெளியே உருண்டு திரள்கிறது பூஞ்சை. மணியைவிடப் பலமடங்கு பெரிதான அந்த மஞ்சள் உருண்டை முழுவதும் இலை ஈட்டிய சர்க்கரையால் ஆனது.

இதற்கு முந்தைய ஆண்டு, 2014இல், இப்பூஞ்சையின் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. செடியின் செல் சுவர்களைக் கரைத்து உண்ணும் நொதிகளுக்கான மரபணுக்கள் இதில் மற்ற பூஞ்சைகளைவிட மிகக் குறைவு என்று அதிலிருந்து தெரிந்தது. சுவரை உடைத்துத் திருடும் கருவிகள் இதனிடம் அதிகம் இல்லை. அவற்றின் தேவையும் அதற்கு இல்லை. வங்கி மொழியில் சொன்னால் இது பூட்டை உடைக்கும் திருட்டன்று. உரியவரின் பெயரிலேயே கணக்கு வைத்து, உரிய நாளில், உரிய படிவத்தில் பணம் பெற்றுச் செல்லும் ஆள்மாறாட்டம்.

நட்டம் அந்த ஒரு மணியோடு நிற்பதில்லை. உருண்டை வளரும்போது அதே கதிரின் பக்கத்து மணிகளுக்குப் போக வேண்டிய பங்கும் குறைகிறது. அவை பதராகவோ எடை குறைந்த மணிகளாகவோ நின்றுவிடுகின்றன. உருண்டைகளை மட்டும் எண்ணி ‘ஏக்கருக்கு எத்தனை மணி போயிற்று’ என்று கணக்கிடுவோர் இந்தப் பக்கத்து நட்டத்தை விட்டுவிடுகின்றனர். போதாக்குறைக்கு, உருண்டைகளில் உஸ்டிலாக்சின் எனும் நச்சுப்பொருளும் உள்ளது. செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும் தன்மை அதற்கு உண்டு. நோயுற்ற கதிர்களோடு அடித்த நெல்லையும் வைக்கோலையும் தூற்றிச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்துவது நல்லதன்று என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. கரும்பொடி படிந்த நெல் நிறம் மங்கிக் கொள்முதல் நிலையத்திலும் மதிப்பிழக்கிறது.

இவற்றுள் உழவருக்கு மிக முக்கியமான செய்தி நாட்களைப் பற்றியது. உருண்டை கண்ணில் படும் நாளுக்கும் பூஞ்சை உள்ளே நுழைந்த நாளுக்கும் இடையே இரண்டு வாரங்களுக்கு மேல் கடந்திருக்கும். மஞ்சள் நிறத்தைப் பார்த்தபின் மருந்து தெளிப்பது, பணம் போனபின் காசோலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுப்பது போன்றது. நெற்பழ நோய்க்கான பூஞ்சைக்கொல்லியைப் பொதிப் பருவத்திலும், பாதிக் கதிர்கள் பூக்கும் தருணத்திலும் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இதனால்தான். அந்த நாட்களில் வயல் பார்க்க அழகாகவே இருக்கும். நோயின் சுவடே தெரியாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாளில் செலவு செய்யச் சொன்னால் யாருக்கும் மனம் வராது என்பதும் உண்மை. முந்தைய பருவத்தில் நோய் வந்த வயலா, பொதிப் பருவத்தில் தூறலும் மேகமூட்டமும் தொடர்கின்றனவா, பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறதா என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

கம்பில் ஒழுகும் தேன்

பூவை ஏமாற்றும் வித்தை நெல்லோடு முடிவதில்லை. கம்புக் கதிரில் இளஞ்சிவப்பு நிறத்தில் தேன்போல ஒழுகும் திரவத்தைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். தேன் ஒழுகல் நோய் என்பது அதன் பெயர். அந்த இனிப்பு பூஞ்சை செய்ததன்று. மணிக்காகக் குழாயில் வந்த சாறு, வாங்க மணி இல்லாமல், பூஞ்சையின் வித்துகளையும் சுமந்துகொண்டு வெளியே வழிகிறது. அதை நாடிவரும் பூச்சிகள் அடுத்த கதிருக்கு நோயை எடுத்துச் செல்கின்றன. சில வாரங்களில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த கடினமான பூஞ்சைக்கட்டி நிற்கிறது. அதில் உள்ள நச்சு கலந்த கம்பை உண்டவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் நேர்ந்த நிகழ்வுகள் மேற்கு இந்தியாவில் முன்பு பதிவாகியுள்ளன.

இந்த நோயில் நமக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பூஞ்சை நுழைவது சூல்முடி வழியே. மகரந்தம் வந்து படிந்துவிட்டால் சில மணி நேரங்களில் சூல்முடி சுருங்கி வாடி, வழி அடைபட்டுவிடுகிறது. அதாவது உரியவர் முதலில் வந்து சேர்ந்துவிட்டால் போலிக்கு இடமில்லை. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனைத் தெளிவாகக் காட்டினர். மகரந்தம் தாமதமாகவும் குறைவாகவும் கிடைக்கும் ஒட்டு ரகங்களில் இந்நோய் மிகுவதன் காரணமும் இதனால் விளங்கிற்று.

விதையைப் பொறுத்தவரை பழைய முறையே இன்றும் நல்ல முறை. நீரில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டையைப் போட்டால் அது மிதக்கும் அளவுக்குக் கரைசல் வந்தபின் விதையைக் கொட்டிக் கிளறினால், பதரும் பூஞ்சைக் கட்டிகளும் மேலே மிதந்து வரும். அவற்றை அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இல்லையேல் உப்பு முளைப்பைக் கெடுக்கும். நெல்லுக்கும் கம்புக்கும் இது பொருந்தும்.

இலையிலேயே இறங்கும் சர்க்கரை

கோதுமையின் துரு நோய் பூவுக்காகக் காத்திருப்பதில்லை. அது இலையிலேயே கணக்கைத் திருப்பிவிடுகிறது. துருப் பூஞ்சை இலைச் செல்லுக்குள் விரல்போன்ற உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்துகிறது. நோயுற்ற இடத்தில் சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதி பெருகுகிறது. உடைந்த எளிய சர்க்கரையைப் பூஞ்சை எடுத்துக்கொள்கிறது. ஏற்றுமதி செய்ய வேண்டிய இலை, இப்போது இறக்குமதி செய்யும் இடமாகிறது. அங்கே மூச்சுவிடும் வேகம் கூடுகிறது; சர்க்கரை தேங்குவதால் ஒளிச்சேர்க்கை குறைகிறது. வருமானம் குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்னவாகுமோ அதுதான் கோதுமை மணிக்கும் ஆகிறது: மணி சுருங்கி எடை இழக்கிறது.

முதிர்ந்து மஞ்சளாகும் இலையில் துருப் புள்ளிகளைச் சுற்றி மட்டும் பச்சை வட்டங்கள் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். ‘பச்சைத் தீவுகள்’ என்று அறிவியலாளர் அவற்றை அழைக்கின்றனர். இலை முதுமையடைவதைத் தள்ளிப்போடும் சைட்டோகைனின் எனும் வளர்ச்சிப் பொருள் அங்கே மிகுதியாக இருப்பதே காரணம். தான் வாழும் இடம் மட்டும் வாடாமல் பார்த்துக்கொள்கிறது பூஞ்சை.

துருவைப் பற்றிப் பேசும்போது நீலகிரியையும் பழனி மலையையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா, சமவெளியின் கடுங்கோடையில் அழிந்துபோகும் துரு வித்துகள் ஒவ்வோர் ஆண்டும் எங்கிருந்து மீண்டும் வருகின்றன என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் உழைத்து விடை கண்டார். வடக்கே இமயமலையிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் குளிர்ச்சியில் தப்பிப் பிழைக்கும் கோதுமைப் பயிரில் தங்கி, அங்கிருந்து காற்றில் ஏறி அவை சமவெளிக்கு இறங்குகின்றன என்பதே அவ்விடை. நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் அமைந்திருப்பதன் பொருத்தம் இதனால் புலப்படும்.

துருவைத் தாங்கும் கோதுமை மரபணுக்களுள் ஒன்று, எல்.ஆர். 67 எனப்படுவது, மூன்று வகைத் துருக்களையும் சாம்பல் நோயையும் ஓரளவு தடுக்கிறது. 2015இல் அதன் இயல்பு கண்டறியப்பட்டபோது, அது சர்க்கரையைக் கடத்தும் ஒரு புரதத்தின் மாறிய வடிவம் என்று தெரியவந்தது. இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. நோயை எதிர்க்கும் திறன் சர்க்கரை போகும் வாசலிலேயே இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

மக்காச்சோளக் கரிப்பூட்டை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆபத்து வந்ததும் செடி தன் உடலெங்கும் அறிவிக்கப் பயன்படுத்துவது சாலிசிலிக் அமிலம். அதைச் செய்யத் தேவையான மூலப்பொருளை வேறு வழியில் திருப்பிவிடும் நொதி ஒன்றைக் கரிப்பூட்டைப் பூஞ்சை செடியின் செல்லுக்குள் அனுப்புகிறது என்று 2011இல் கண்டறிந்தனர். அபாயச்சங்கு ஊத வேண்டியவனின் கையில் சங்கே இல்லாமல் செய்துவிடுவது போன்றது அது. மெக்சிகோ நாட்டில் இக்கரிப்பூட்டைக் கட்டிகளை இளசாகப் பறித்துச் சமைத்து விரும்பி உண்கின்றனர் என்பது வேறு கதை.

உயர்ந்து நிற்கும் நாற்று

இதுவரை சொன்னவை சர்க்கரைக் கணக்கு. வளர்ச்சிக் கணக்கையே மாற்றும் பூஞ்சையும் உண்டு. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, மெலிந்து, வெளிறி நிற்கும். ஜப்பானிய உழவர்கள் இதனைப் ‘பக்கானே’, அதாவது முட்டாள் நாற்று, என்றனர். உயர்ந்த நாற்று பெரும்பாலும் மடிந்துபோகும். பிழைத்தாலும் கதிரில் மணி இருக்காது. பஞ்சாபிலும் அரியானாவிலும் பூசா பாஸ்மதி 1121, 1509 போன்ற ரகங்களைப் பயிரிடுவோர்க்கு இது இன்றும் பெருந்தொல்லை.

1926ஆம் ஆண்டு, அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில், குரோசாவா எனும் ஆய்வாளர் இப்பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத அந்த நீரை மட்டும் நாற்றுக்கு இட்டார். நாற்று அதேபோல நெடுநெடுவென வளர்ந்தது. பூஞ்சை வெளியிடும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று உறுதியாயிற்று. 1935இல் யபுடா அதற்கு ஜிபெரலின் என்று பெயரிட்டார். பின்னர்தான், செடிகள் தாமும் இயற்கையில் அதே பொருளைச் செய்து அளவோடு பயன்படுத்துகின்றன என்பது உலகுக்குத் தெரிந்தது. நோயைத் தேடப் போய்ச் செடி வளர்வதன் இரகசியத்தைக் கண்டனர்.

அதன் பின்கதை இன்னும் சுவையானது. பசுமைப் புரட்சியின் குட்டை ரக நெல்லான ஐ.ஆர். 8, 1966இல் வெளியானது. அது குட்டையாக இருப்பதற்குக் காரணமான மரபணு, ஜிபெரலினைச் செய்யும் வேலையில் ஒரு கட்டம் பழுதுபட்ட மரபணு என்று 2002இல் கண்டறியப்பட்டது. பூஞ்சை அளவுக்கு மீறிக் கொடுத்துப் பயிரைக் கெடுத்த அதே பொருளை, குறைத்துக் கொடுத்ததால் தண்டு சாயாமல் மணி பெருகிற்று. இன்று திராட்சைத் தோட்டங்களில் பழம் பருக்கத் தெளிக்கும் ஜிபெரலிக் அமிலம், தொழிற்சாலையில் அந்தப் பக்கானே பூஞ்சையை நொதிக்கவைத்தே தயாரிக்கப்படுகிறது.

யூரியாவும் குலை நோயும்

தமிழக நெல் உழவர்க்கு மிகப் பழகிய பூஞ்சை நோய் குலை நோய். 1919ஆம் ஆண்டு தஞ்சை டெல்டாவில் அது பேரழிவாகத் தாக்கியது வேளாண் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இப்பூஞ்சையின் வித்து இலைமேல் ஒட்டி, கருநிறச் சுவர் கொண்ட ஒரு சிறு குமிழாகிறது. தன்னிடமுள்ள சேமிப்பைக் கிளிசராலாக மாற்றி, நீரை இழுத்து, அக்குமிழ் எட்டு மெகாபாஸ்கல் வரை அழுத்தத்தை உண்டாக்குகிறது. காரின் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு நுண்ணிய ஊசி இலையின் தோலைத் துளைக்கிறது. ட்ரைசைக்ளசோல் மருந்து வேலை செய்வது, குமிழின் கருநிறச் சுவர் உருவாவதைத் தடுப்பதன் மூலம்தான். சுவர் இல்லையேல் அழுத்தம் இல்லை. குமிழ் துளைத்து உள்ளே சென்றபின் தெளித்தால் அதன் பயன் குறைவு என்பதும் இதிலிருந்தே புரியும்.

கதிரின் கழுத்தில் இந்நோய் பற்றினால் குழாயே அடைபட்டு, முழுக்கதிரும் வெளுத்துச் சாவியாகிறது.

குலை நோய்க்கும் நெற்பழ நோய்க்கும் பொதுவான நண்பன் ஒருவன் இருக்கிறான்: அளவுக்கு மீறிய தழைச்சத்து. யூரியாவை அள்ளி இட்ட பயிரில் இலைச் சாற்றில் அமினோ அமிலங்கள் மிகும், திசு மென்மையாகும், இலைத்தோலுக்கு உறுதி தரும் சிலிக்காப் படிவு குறையும். பயிர் கண்ணுக்குக் கரும்பச்சையாகத் தெரியும். பூஞ்சைக்கோ அது விருந்து. மானிய விலையில் யூரியா மலிவாகக் கிடைப்பதும், பொட்டாஷ் விலை அப்படி இல்லாததும் உழவரை ஒரே பக்கம் சாய்த்துவிடுகின்றன. ஒரு மூட்டை யூரியா கூடுதலாக இடுவதன் உண்மையான விலை, மூட்டையின் மேல் அச்சிட்ட விலையன்று; பின்னால் வரும் பூஞ்சைக்கொல்லியின் விலையும், குறையும் எடையும் அதில் அடங்கும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத் தேவைப்படும்போது மட்டும் மேலுரம் இடுவது, செலவே இல்லாத நோய்த் தடுப்பு.

பொதிப் பருவத்தில் கையில் பணம்

இனி நம் துறைக்கு வருவோம். பயிர்க்கடனின் அளவு மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக நிர்ணயிக்கும் தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகைக்குள் பயிர் பாதுகாப்புச் செலவும் அடக்கம். உழவர் கடன் அட்டை என்பது ஒரே தவணையில் வாங்கும் கடனன்று; தேவைப்படும்போது எடுத்து, வரவு வரும்போது கட்டி, மீண்டும் எடுக்கக்கூடிய சுழல் கணக்கு. ஆயினும் பெரும்பாலோர் நடவின்போதே முழு வரம்பையும் எடுத்துவிடுகின்றனர். பொதிப் பருவம் வரும்போது அட்டையில் மீதம் இருப்பதில்லை. பூச்சிமருந்துக் கடையில் கடனுக்கு வாங்குகின்றனர். கடைக்காரர் கொடுப்பதை வாங்குகின்றனர். அறுவடையில் அவர் சொல்லும் விலைக்குக் கட்டுகின்றனர். ரூ. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டியும், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் 3 சதவீதச் சலுகையும் இருக்கையில், இந்தக் கடைக் கடன் மிக விலை உயர்ந்தது. வரம்பில் ஒரு பகுதியை நடவுக்குப்பின் தொடாமல் வைத்திருப்பது, நெற்பழ நோய் வந்துபோகும் பகுதிகளுக்கு மிகவும் பொருத்தமானது.

காப்பீடு குறித்தும் ஒரு விளக்கம் தேவை. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்த்தாக்குதலும் இடர்களுள் ஒன்றுதான். காரிப் பருவ உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபிப் பருவத்துக்கு 1.5 சதவீதமும் உழவர் செலுத்துவது. ஆனால் நோயால் ஏற்படும் இழப்பு தனி வயலுக்கென மதிப்பிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி மகசூல் உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால் மட்டுமே இழப்பீடு. உத்தரவாத மகசூல், கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல் போன்ற குறித்த சில நிகழ்வுகளுக்கே தனி வயல் ஆய்வு உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வயல்கள் நன்றாக இருக்க, ஒருவர் வயலில் மட்டும் கதிரெல்லாம் மஞ்சள் உருண்டையானால், அவருக்கு இத்திட்டத்தில் எதுவும் கிடைக்காது. சரியான தருணத்தில் தெளித்த மருந்துதான் அவருடைய காப்பீடு.

2020 காரிப் பருவத்திலிருந்து கடன் பெற்ற உழவர்க்கும் இத்திட்டம் விருப்பத்தின் பேரிலானது. வேண்டாம் என்போர் கடைசி நாளுக்கு 7 நாட்கள் முன்பாகத் தம் வங்கிக் கிளையில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் கட்டணம் கணக்கில் பற்று வைக்கப்படும். எந்த ரகம், எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர் என்ற விவரங்கள் கிளையில் உள்ள பதிவோடு பொருந்துகின்றனவா என்பதை அந்த நாளுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.